யாருக்கும் கிடையாது

சொட்டு மருந்து விட்ட பிறகு கண்ணைத் திறக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனாள். திறந்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று செண்பகா நினைத்தாள். கண்ணாடி அம்மாவிடம் இருந்தது. கதவுக்கு வெளியே வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் ஏதோ ஒன்றில் அம்மா உட்கார்ந்திருப்பாள், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி. உள்ளே வரும் முன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்ததும் அதை முந்தானையில் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி, "இனி இது உனக்கு எதுக்குட்டி, இருக்கன்குடி உண்டியல்ல போட்டுட்டு வந்துருவோம்" என்று பைக்குள் வைத்தாள். பையில் ஏற்கெனவே மஞ்சள் தாளில் சுற்றிய வெள்ளிக் கண்மலர் இருந்தது. நேற்றே வாங்கியாயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அம்மனுக்கு என்று வேண்டுதல். கண்ணுக்குள் முதலில் எரிந்தது, பிறகு குளிர்ந்தது, இப்போது கண் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டதுபோல் மரத்துக் கிடந்தது. பச்சைத் தொப்பியின் எலாஸ்டிக் காதுக்கு மேல் அரித்தது. சொறியலாமா கூடாதா என்று கேட்க சிஸ்டர் பக்கத்தில் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் சங்கரன்கோவில்காரன், கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறதாம், வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. "சிஸ்டர், இதுவரைக்கும் கண்ணாடி இல்லாம எம் பொண்டாட்டி மொகத்தப் பாத்ததில்ல. இனி காலையில முழிச்சதுமே தெரியும். அதுக்கு ஏதாச்சும் மருந்து கையில வச்சிருக்கீங்களா?" என்றான். தூரத்தில் சிஸ்டர் சிரிப்பது கேட்டது. "உங்க மொகம் அவங்களுக்குத் தெளிவாத்தான தெரியுது? அவங்க மருந்தா கேட்டாங்க?" என்றாள். செண்பகாவும் சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே அந்த வாக்கியம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்க வீட்டுல யாருக்கும் அப்படி எதுவும் கிடையாது.

அதை நினைக்கக் கூடாது என்று வேறு எதையாவது நினைத்தாள். கம்பெனியை நினைத்தாள். தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. உறைய வைத்த பெட்டிகளைப் பிரித்து, கரும்புள்ளி இருக்கிறதா, வால் ஒடிந்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். குளிர் அறைக்குள் போகும்போது ஒன்றும் தெரியாது. வெளியே வந்து நிற்கிற அந்த நிமிடம்தான் கண்ணாடி இரண்டும் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துப் போகும். கழற்றித் துடைக்கலாம் என்றால் கையுறை முழுக்க இறால் தண்ணீர். அப்படியே குருடியாய் நின்றுகொண்டிருப்பாள், யாராவது தள்ளுவண்டியோடு வந்து இடிப்பார்கள், "செண்பகா மேடம் மறுபடி மேகத்துக்குள்ள நிக்காங்கடே" என்று சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் நல்லவர்கள்தான், கையைப் பிடித்து ஓரமாய் நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் கண்ணாடி போட்டது, அதிலிருந்து வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போனது, மூக்கின் இரண்டு பக்கமும் தழும்பு, குளிக்கும்போது தன் கால் விரலே யாரோ ஒருத்தியுடையது மாதிரி. காலையில் விழித்ததும் உத்தரத்தில் சுற்றுகிற காற்றாடியின் இறக்கைகள் தனித்தனியாய்த் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வரப்போகிற மாப்பிள்ளைக்காக இல்லை. அம்மா வேண்டுமானால் அதற்காக ஒத்துக்கொண்டிருக்கலாம். செண்பகா தன் காற்றாடிக்காகத்தான் வந்திருக்கிறாள். நான்கு வருஷச் சம்பளத்தில் தன் கையால் சேர்த்தது. வேறு யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, யாருக்கும், யாருக்கும் அப்படி எதுவும், இதோ மறுபடி.

போன வாரம் டாக்டர் கேட்டார். திரையில் அவளுடைய கருவிழி ஒரு நிலப்படம்போல் விரிந்திருந்தது. நீலமும் பச்சையுமாக, கீழ் ஓரத்தில் மட்டும் யாரோ மஞ்சளைத் தொட்டுத் தடவிய மாதிரி ஒரு தீற்றல். டாக்டர் பேனாவின் முனையால் அந்த மஞ்சளைச் சுற்றிக் காட்டினார். "உங்க பவர் ஜாஸ்தி, கருவிழியும் கொஞ்சம் மெல்லிசு. லேசர் பண்ணும்போது இன்னும் கொஞ்சம் மெல்லிசாகும். அதனால லேசரோட சேத்து கருவிழியை உறுதிப்படுத்துற சிகிச்சையையும் அப்பவே பண்ணிருவோம். மஞ்சளா ஒரு வைட்டமின் சொட்டு விடுவோம், அது ஊறினதும் புற ஊதா வெளிச்சம் காட்டுவோம். உள்ள இருக்கிற இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும்." அப்புறம், தாளில் எதையோ குறித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "வீட்டுல யாருக்காவது கருவிழி கூம்பு மாதிரி முன்னால தள்ளுற பிரச்சினை இருக்கா? அப்பா, அம்மா, அண்ணன், அக்கா?" என்று கேட்டார். கேட்ட தொனி அப்படி. தட்டில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு பொண்ணுக்குக் கண்ணு காதெல்லாம் நல்லாத்தான இருக்கு என்று சும்மா கேட்டுவைக்கிறவர்களின் அதே தொனி. அதற்கு ஒரு பதில் இருந்தது. பல வருஷம் முன்னே மனப்பாடம் செய்த பதில். அவள் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுல யாருக்கும் அப்படி எதுவும் கிடையாது" என்றாள். அம்மாவின் குரல்தான் அது. அந்த 'யாருக்கும்' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தி, 'கிடையாது' என்பதைச் சிரிப்போடு முடிக்கிற அதே இழுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கை அவள் முழங்காலில் வந்து லேசாக அழுத்தியது, பாடம் ஒப்பித்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல. டாக்டர், "அப்ப சரி. இருந்திருந்தா லேசர் வேணுமான்னே யோசிச்சிருப்பேன்" என்றார். அவளுக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் இளநீர் குடித்தார்கள். வழுக்கை நன்றாக இருந்தது என்று அம்மா சொன்னாள்.

அந்தப் பாடம் அவளுக்கு எழுதினதே இல்லை, கனியக்காவுக்கு எழுதினது. ஜெயக்கனி அவளுடைய கூடப் பிறந்த அக்கா, ஆறு வயது மூத்தவள். மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு ஒரு நாள் கனியக்கா, "செம்பா, உனக்கு எத்தன நிலா தெரியுது?" என்று கேட்டாள். "ஒண்ணு" என்றாள் இவள். "எனக்கு மூணு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. நாலாவதும் ஒண்ணு வரப் பாக்குது." விளையாட்டு என்று நினைத்து இவள் எனக்கு ஏழு, எனக்குப் பத்து என்று சொல்லிச் சிரித்தாள். கனியக்காவும் சிரித்தாள். பிறகு மதுரைக்குப் போனார்கள். கருவிழி கூம்பாகிறது என்று அங்கேதான் சொன்னார்கள். மேலே போகாமல் நிறுத்த ஒரு சிகிச்சை இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதைச் செய்தால் கொஞ்ச நாளைக்குக் கண் சிவந்து, கூசி, தண்ணீர் வடிந்தபடி இருக்கும் என்றதும் அம்மா, விளாத்திகுளத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களே என்றாள். டாக்டரிடம் இல்லை, பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. கல்யாணம் முடியட்டும், பொறவு பார்த்துக்கிடலாம். அதுவரைக்கும் கண்ணுக்குள் வைக்கிற கெட்டி லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். உளுந்துத் தோல் அளவுதான் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, உறுத்துகிற கண்ணை இமைக்காமல், கனியக்கா காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் சமையலறையில் வைத்து அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுத்திருந்தாள். "யாரு கேட்டாலும் ஒரே சொல்லுதான். இவ சின்னவ, வாயத் தொறந்து எதையாச்சும் உளறிறப் போறா. எங்க, சொல்லு பாப்போம்." சொன்னாள். "சிரிச்ச மாதிரி சொல்லுட்டி, மொகத்த இஞ்சி தின்ன மாதிரி வச்சிக்கிட்டு சொன்னா யாரு நம்புவா?" சிரித்த மாதிரி சொன்னாள். மாப்பிள்ளையின் அத்தை அவளிடமே கேட்டாள், கன்னத்தைக் கிள்ளி, "நீ கண்ணாடி போட்டிருக்கியே, உங்க வீட்டுல வேற யாருக்காச்சும் கண்ணுக் கோளாறு உண்டோ?" என்று. இவள் ஒப்பித்தாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் நிம்மதி இல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த வருஷம் இருக்கன்குடியில் கண்மலர் சாத்தினாள். யாருக்கு என்று சித்தி கேட்டதற்குத் தனக்குத்தான், வெள்ளெழுத்து வந்திருக்கிறது என்றாள். அம்மனிடம் மட்டும் அம்மா உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று செண்பகாவுக்குத் தோன்றும். அம்மன் திரும்பக் கேள்வி கேட்க மாட்டாள்.

லென்ஸ் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. டப்பா உடைந்துபோனதால் கனியக்கா ஒரு ராத்திரி அதைத் தம்ளர் தண்ணீரில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள், காலையில் மாமியார் அதை எடுத்துக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். கனியக்கா மண்ணில் உட்கார்ந்து விரலால் தடவிக்கொண்டிருக்க, "என்னத்தத் தேடுத?" என்று மாமியார் வந்து நின்றாள். "மூக்குத்தித் திருகாணி அத்தை." மாமியாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து தேடினாள். மண்ணை முறத்தில் அள்ளிச் சலித்துக்கூடப் பார்த்தாளாம். மறுநாள் தன் காசில் புதுத் திருகாணி வாங்கிக் கொடுத்தாள். "நல்ல மனுசிட்டி அது, அதான் எனக்குச் சொல்ல வாய் வரல" என்று போனில் கனியக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு கனியக்கா எழுத்தில் எதுவும் அனுப்புவதில்லை, எல்லாம் குரலாகப் பேசித்தான் அனுப்புவாள். மகன் பள்ளிக்கூடத்துப் பாடத்தைக் கொண்டுவந்தால் நீ வாசி, நான் கேக்கேன் என்பாளாம், பிள்ளையை எப்படிப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கவைக்கிறாள் பார் என்று அந்த வீட்டில் பெருமை. அத்தானுக்குத் தெரியுமா என்று ஒருதரம் கேட்டதற்கு, "தெரியும்னு நெனைக்கேன். கேக்க மாட்டாக. நானும் சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரு வீட்டுக்குள் எல்லோரும் ஒன்றைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருக்க முடியும். இடிக்காமல். வருஷக்கணக்காக.

"ஒங்க பேரக் கூப்பிட்டாங்களா?" என்றான் சங்கரன்கோவில்காரன். இல்லை என்றாள். அவனைத்தான் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது எதிலோ இடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, இதுக்குத்தான் வந்தது" என்றான். கதவு மூடிய சத்தம். இப்போது அந்த அறையில் அவள் தனியாக இருந்தாள், அல்லது வேறு யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரம் ஒன்று உள்ளே சீராக இரைந்தது. மஞ்சள் சொட்டு. அதைப் பற்றி நேற்று ஒரு பெண் உட்கார வைத்து விளக்கினாள், வருகிறவர்களுக்கு எல்லாம் விளக்குவதற்கென்றே அங்கே இருக்கிறவள், சின்ன வயது, வாயில் ஏலக்காய் மணம். "இது புதுசா ஒண்ணுமில்ல மேடம், பயப்படாதீங்க. முதல்ல இது கருவிழி கூம்பா போறவங்களுக்குன்னுதான் வந்தது. அவங்களுக்கு மேல போகாம நிப்பாட்டிரும். இப்பத்தான் லேசரோட சேத்தும் பண்றோம், உங்களுக்கு ஒரு பாதுகாப்புக்காக." ஒரு பாதுகாப்புக்காக. நேற்று அது காதில் விழுந்து எங்கோ போய் ஒட்டிக்கொண்டிருந்தது, இன்றைக்கு, கண் மரத்துப்போன இந்த இருட்டில், உரிந்து முன்னால் வந்தது. கனியக்காவுக்குச் சொன்ன சிகிச்சை இதுதானே. அதே மஞ்சள், அதே வெளிச்சம். அவளுக்குத் தேவையாக இருந்தபோது பொறவு பார்த்துக்கிடலாம் என்று பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்த அதே மருந்தை இவள் கூடுதலாக ஒன்று என்று வாங்கிக்கொள்கிறாள், சேலைக்கு ரவிக்கைத் துணி வாங்குவதுபோல. அதை வாங்குவதற்கே அக்கா என்று ஒருத்தி இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இல்லை, அக்கா இல்லை என்றா சொன்னேன், அக்காவுக்கு இல்லை என்றுதானே. இரண்டும் ஒன்றுதான். இரண்டும் ஒன்றில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டு இப்போதே சொல்லிவிட்டால் என்ன. சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போ என்பார்கள். மறுபடி மேகம், மறுபடி அந்தக் கை. அதுகூடப் பரவாயில்லை. அத்தானுடைய தங்கையை இந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது, எங்கிருந்து எங்கே பேச்சுப் போகும் என்று யாருக்குத் தெரியும். டாக்டர் யாரிடமும் சொல்ல மாட்டார். டாக்டர் சொல்ல மாட்டார், அம்மா அழுவாள். மஞ்சள் சொட்டு விடத்தானே போகிறார்கள், இறுக்கிவிடத்தானே போகிறார்கள், அப்புறம் என்ன பயம். ஆனால் இருந்திருந்தால் லேசர் வேணுமா என்றே யோசித்திருப்பேன் என்றாரே. இந்தச் சொட்டு எல்லாவற்றையும் சரிக்கட்டும் என்றால் அவர் எதற்கு யோசிக்க வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றது, வண்டி மாடு பாலத்துக்கு முன்னால் நிற்பதுபோல், அடித்தாலும் நகராமல். ஏனென்றால் அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று இருந்தது. அவள் யாரிடமும் சொல்லாதது, தன்னிடம்கூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளாதது. கொஞ்ச நாளாகவே கம்பெனி வேலை முடிந்து துறைமுகச் சாலையில் வரும்போது விளக்குகளுக்கு வால் முளைத்திருந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தாள். துடைத்த பிறகும் வால் இருந்தது. கீழ்நோக்கி, மெல்லிசாக, ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று.

"செண்பகவல்லி" என்று கூப்பிட்டார்கள். கையைப் பிடித்து நடத்திப் போனார்கள். உள்ளே குளிர், கிட்டத்தட்ட கம்பெனிக் குளிர். படுக்க வைத்தார்கள், தலையை ஒரு குழிக்குள் பொருத்தினார்கள், மறுபடி சொட்டு, முகத்தின் மேல் துணி, அதில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. இமையைப் பிரித்து ஒரு கிளிப் மாட்டினார்கள். வலி இல்லை. கண்ணை மூடும் உரிமை மட்டும் போய்விட்டது. டாக்டர் மேலே எங்கோ இருந்தார், குரல் மட்டும், போன வாரத்தைவிட அன்பாக. "பயமே வேண்டாம். மேல பச்சையா ஒரு விளக்கு தெரியும். அதை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க, அசையாதீங்க." பார்த்தாள். தண்ணீருக்குள் கிடக்கிற பாசிமணி மாதிரி பச்சை, விளிம்பு கரைந்து, ஆடி, நின்றது. அதன் கீழே. இல்லை. பார்க்காதே. இருக்கிறதா. மரத்துப்போன கண்ணில் எதை நம்புவது. "ஒண்ணுதானே தெரியுது?" என்று டாக்டர் கேட்டார், எல்லோரிடமும் கேட்கிறதுபோல், சும்மா. அதற்கும் ஒரு பதில் தயாராக வாய்வரைக்கும் வந்தது, சிரித்த மாதிரி. மொட்டை மாடி. பாயின் கோரை முதுகில் குத்தியது. அவள் சொன்னாள்: "எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒரு வால் இருக்கு சார். எங்க அக்காவுக்குத்தான் மூணு நாலு தெரியும்."

குரல் துணிக்குள்ளிருந்து வந்ததால் அவளுக்கே யாரோ சொன்னதுபோல் கேட்டது. "அக்காவா? கூடப் பிறந்தவங்களா?" என்றார் டாக்டர். "கூடப் பிறந்தவதான். ஜெயக்கனின்னு பேரு. கருவிழி கூம்பா போகுதுன்னு மதுரையில சொன்னாங்க." "எப்ப?" "கல்யாணத்துக்கு முன்னாடி சார்." "அன்னைக்கு நான் கேட்டேனே." "கேட்டீங்க சார்." அவர் மூச்சு விட்டது முகத்துக்கு மேலே கேட்டது. கோபமா, வேறு எதுவுமா, தெரியவில்லை. "சிஸ்டர், கிளிப்பை எடுத்துருங்க." கண் தானாக மூடிக்கொண்டது. அந்த மூடல் எவ்வளவு இதமாக இருந்தது என்று பிறகு பல தடவை நினைத்துக்கொள்வாள். "இன்னைக்கு லேசர் வேண்டாம். உங்க கண்ணை மறுபடி முழுசா பாக்கணும். ஒருவேளை உங்களுக்கு லேசரே இல்லாமலும் போகலாம், அதுக்குத் தயாரா இருந்துக்குங்க. அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?" "தெரியாது சார்" என்றாள். "பொறவு யாரும் பாக்கல."

கதவுக்கு வெளியே வெளிச்சம் அதிகமாக இருந்தது. நாற்காலி வரிசை ஒரே நீலத் தீற்றல். அதிலிருந்து ஒரு பழுப்பு நிறம் எழுந்து அவளை நோக்கி வந்தது. "என்னட்டி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? கட்டு ஒண்ணும் போடலியே. நல்லாத் தெரியுதா? அம்மா மொகம் தெரியுதா?" அம்மாவின் கை கன்னத்தைத் தொட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகத்தின் நிறம் மட்டும் இருந்தது. "கண்ணாடியக் குடும்மா" என்றாள் செண்பகா. அம்மா பையைத் திறக்கவில்லை. இவளே பையைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். பஸ் டிக்கெட், விபூதிப் பொட்டலம், கைக்குட்டைக்குப் பதில் அந்த மஞ்சள் தாள். தாளுக்குள் வெள்ளித் தகடு விரலில் பட்டது, இமை வளைவும் நடுவில் புடைத்த விழியும். ஒரு ஜோடி. அதற்கடியில் இன்னொரு ஜோடி. விரல் அங்கேயே நின்றது. "ரெண்டு வாங்குனேன்" என்றாள் அம்மா, யாரிடமோ சொல்வதுபோல். பிறகு கைக்குட்டை கிடைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அம்மாவின் முகம் ஒவ்வொரு சுருக்கமாகத் திரும்பி வந்தது, நாடியில் இருக்கிற மரு வரைக்கும். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் கதவைத் திறந்துகொண்டு வருகிறவரைப் பார்த்தாள்.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முடி ஒட்டிப்போயிருந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உக்காருங்கம்மா" என்றார். அம்மா உட்காரவில்லை. "உங்க மூத்த பொண்ணுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சது?" என்று கேட்டார். அந்தத் தொனி இல்லை. இந்தத் தடவை தலையைத் தூக்கி, முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா சிரித்தாள். "எங்க வீட்டுல யாருக்கும்" என்று தொடங்கினாள். வழக்கமான இடத்தில் அழுத்தம் விழுந்தது. செண்பகா மீதி வார்த்தைகளுக்காகக் காத்திருந்தாள். அவை வரவில்லை. அம்மாவின் வாய் அந்தச் சிரிப்போடு அப்படியே திறந்திருந்தது. எப்போதோ பைக்குள் நுழைந்திருந்த அம்மாவின் கைக்குள் மஞ்சள் தாள் மெதுவாகக் கசங்கும் சத்தம் கேட்டது.